மெருகின் விலை எத்தனை மைக்ரான்

பெங்களூர் பீன்யா தொழிற்பேட்டையின் உட்தெருக்களில் பஃபிங் கொட்டகையைக் கண்டுபிடிக்கப் பெயர்ப்பலகை வேண்டாம். சுவர், மின்விசிறி, வாசலில் நிறுத்திய ஸ்கூட்டர் என்று எல்லாவற்றின்மேலும் கருஞ்சாம்பல் படலம் ஒன்று அப்பியிருக்கும். அந்தக் கருமைக்கு நடுவே, சுழலும் துணிச் சக்கரத்தில் அழுத்திப் பிடித்த பொருள் மட்டும் வெள்ளியாக மின்னும்.

அப்படியொரு கொட்டகைக்கு நானும் ஒரு குழாயைத் தூக்கிக்கொண்டு போனேன். மரவேலைக்கென்று காயலான் கடையில் எடைக்கு வாங்கிய பழைய பில்லர் டிரில்லிங் மிஷினின் தூண் அது. மேலிருந்து கீழ்வரை செந்துரு. மூன்றாம் நாள் திருப்பிக் கொடுத்தவர் மகிழ்ச்சியோடு சொன்னார்: “கண்ணாடி மாதிரி பண்ணியிருக்கேன் சார், மூஞ்சி பாத்துக்கலாம்.” உண்மையிலேயே முகம் தெரிந்தது. வீட்டில் மிஷினைப் பூட்டியபோது வேறொன்றும் தெரிந்தது. மேசையைத் தாங்கும் வார்ப்பிரும்புக் கை, தூணின் இரு முனைகளிலும் இறுக்கமாகவும் நடுவில் தளர்வாகவும் ஓடியது. துருவோடு இருந்த நாளில் இந்த வேறுபாடு இல்லை.

பஃப் போட்டவரிடம் குறை காண எனக்கு உரிமை இல்லை. நான் கேட்டதை அவர் சுத்தமாகச் செய்து கொடுத்தார். கேட்டதுதான் சரியா என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை. பழைய மர இயந்திரங்களை மீட்டெடுக்கும் ஆர்வம் பெங்களூரில் வளர்ந்து வருகிறது. ஐ.டி. வேலைக்கு இடையில் ரம்பமும் உளியும் பிடிக்கிறவர்கள், தாத்தாவின் பட்டறையைக் கலைக்க மனமில்லாத பேரப்பிள்ளைகள், கடைசலில் கைதேர்ந்து ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளர்கள் எனப் பலர் இதில் இறங்குகிறார்கள். ஏறக்குறைய எல்லாரும் முதலில் செய்வது குழாய்களையும் தண்டுகளையும் பளபளக்க வைப்பதுதான். புதுப்பித்தல் என்றாலே அதுதான் என்று ஆகிவிட்டது. ஆகவே இதை நிறுத்து எடைபோட வேண்டியிருக்கிறது.

நான்கு கேள்விகளை அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன். மெருகேற்றிய பிறகு இயந்திரம் முன்னைவிட நன்றாக வேலை செய்கிறதா? அதன் ஆயுள் கூடுகிறதா? அது எங்கே, எப்படிச் செய்யப்பட்டது என்பதற்கான தடயம் அதில் மிஞ்சுகிறதா? அந்தப் பளபளப்புக்காக எவருடைய உடலும் எந்த ஊரின் நிலமும் விலை கொடுக்கின்றன? இந்த நான்கிலும் தேறுவதை ஏற்கலாம். ஒன்றில் தேறி மூன்றில் தோற்பதை ஏற்க முடியாது.

எந்தக் குழாய்களைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். மர இயந்திரத்தில் குழாய் மூன்று விதமாக வேலை செய்கிறது. முதலாவது, வழியாக இருப்பது. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் அருகே பீஸ்டனில் மைஃபோர்டு நிறுவனம் செய்த எம்.எல்.8 மரக்கடைசல் இயந்திரத்தின் படுகை ஒற்றை உருளை. கருவி தாங்கியும் பின்தலையும் அதன்மேல்தான் வழுக்கிச் செல்லும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் வடிவமைத்த ஷாப்ஸ்மித்தில் இரட்டைக் குழாய்கள் மோட்டார் தலையைச் சுமக்கின்றன. டிவால்ட் ரேடியல் ஆர்ம் ரம்பத்தில் கை முழுவதும் ஒரே தூணில் ஏறி இறங்குகிறது. 1939-இல் டெல்டா நிறுவனம் கொண்டுவந்த யூனிசா மேசை ரம்பத்தில் பலகைக்கு வழிகாட்டும் கைடு, குழாய்த் தண்டவாளத்தின்மேல் நகர்கிறது. இவற்றில் சில நம் ஊரில் அரிது. ஆனால் நம் பட்டறைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் பில்லர் டிரில்லிங் மிஷினின் தூணும் இதே இனம்தான். இரண்டாவது, நிக்கல் அல்லது குரோம் முலாம் பூசிய கைப்பிடிகளும் சுழற்றுகோல்களும். மூன்றாவது, எதுவும் நகராத கால்கள், தாங்கிகள், வெறும் பிடிகள். மூன்றுக்கும் ஒரே தீர்ப்பு எழுதுவதிலிருந்துதான் பாதிப் பிழைகள் தொடங்குகின்றன.

மெருகுக்காகப் பேசுகிறவர்களின் வாதத்தை அதன் முழு வலுவோடு வைப்பதுதான் முறை. சொரசொரப்பான இரும்பின் பள்ளங்களில் தூசியும் ஈரமும் தங்கும், அங்கேதான் துரு முளைக்கும், வழவழப்பான பரப்பில் தங்க இடமில்லை என்கிறார்கள். இது உண்மை. பளபளப்பான குழாயில் புதிதாகத் தோன்றும் துருப்புள்ளி அன்றே கண்ணில் படும், மங்கிய குழாயில் மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும் என்கிறார்கள். இதுவும் உண்மை. மூன்றாவது வாதம் அறிவியலைச் சேர்ந்ததன்று. ஆனால் எனக்கு அதுவே மிக நெருக்கமானது. ஆயுத பூஜைக்கு முதல் நாள் பீன்யாவிலும் ராஜாஜிநகரிலும் காமாட்சிபாளையத்திலும் பட்டறைகளுக்குள் போய்ப் பாருங்கள். ஆண்டு முழுவதும் எண்ணெய்க் கறையோடு ஓடிய லேத்துகளைத் துடைத்துத் துலக்கி, சந்தனம் குங்குமம் இட்டு, வாழைக்கன்று கட்டிப் பூசணிக்காய் உடைப்பார்கள். சோறு போடும் இரும்புக்குச் செய்யும் நன்றி அது. துலக்கிய இயந்திரத்தின் முன்னால் நிற்பவரின் முகத்தில் வருகிற நிறைவைப் பார்த்தவர் எவரும் பளபளப்பு வீண் என்று சொல்லத் துணியமாட்டார்.

ஆனால் இதே பெங்களூர் வேறொரு பாடத்தையும் கற்றுக்கொடுத்திருக்கிறது. 1953-இல் ஸ்விட்சர்லாந்தின் ஓர்லிகான் நிறுவனத்தின் தொழில்நுட்ப ஒத்துழைப்போடு ஜாலஹள்ளியில் இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் பிறந்தது. எச்.எம்.டி. என்ற மூன்றெழுத்து பிறகு கைக்கடிகாரத்தின் பெயராக வீடு வீடாகப் போனாலும், அதன் தொடக்கம் லேத்துதான். 1962-இல் துமகூரு சாலையில் இயந்திரக் கருவிகளுக்கென்றே மத்திய ஆய்வு நிறுவனமும் வந்தது. அல்சூரிலிருந்தும் ஸ்ரீராமபுரத்திலிருந்தும் ஷிஃப்டுக்குப் போன எத்தனையோ தமிழ்க் குடும்பங்களுக்கு மைக்ரான் என்பது அந்நியச் சொல் அன்று. அந்தத் தலைமுறையின் உச்சத் திறமை எது என்று கேட்டால், ஸ்கிரேப்பிங் என்பார்கள். வார்ப்பிரும்புப் படுகையின்மேல் நீல மையைத் தடவி, தட்டையான அளவுப் பலகையை வைத்து இழுத்து, மை பதிந்த மேடுகளை மட்டும் கை உளியால் ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுப்பது. நாட்கணக்கில் நடக்கும் வேலை. முடிவில் கிடைக்கும் பரப்பு எப்படி இருக்கும்? கண்ணாடியாக இருக்காது. மீன்செதில் போலச் சின்னச் சின்னத் திட்டுகளோடு மங்கலாக மினுங்கும். அந்தத் திட்டுகளுக்கு நடுவில் உள்ள மெல்லிய பள்ளங்களில்தான் எண்ணெய் தங்கும். மிகத் துல்லியமான பரப்பு, மிகப் பளபளப்பான பரப்பு அன்று என்பதை இந்த நகரத்தின் சிறந்த கைகளே நிரூபித்திருக்கின்றன. கண் பார்ப்பது ஒளியை. அளவுக்கருவி பார்ப்பது வடிவத்தை. இரண்டையும் ஒன்றென்று எண்ணிக்கொள்வதுதான் குழாய் மெருகில் நாம் செய்யும் முதல் தவறு.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள தண்டு ஒரு துளைக்குள் ஆட்டமில்லாமல் வழுக்கிச் செல்ல, எச்7/ஜி6 என்ற பொதுவான பொருத்தத்தை எடுத்துக்கொண்டால், இடைவெளி 9 மைக்ரானிலிருந்து 50 மைக்ரான் வரை இருக்கலாம். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடியின் பருமன் ஏறக்குறைய 70 மைக்ரான் என்றால், அந்த இடைவெளி எவ்வளவு சிறியது என்று புரியும். இப்போது துரு தின்ற குழி ஒன்றின் ஆழம் 0.1 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பழைய குழாய்களில் இது பெரிய ஆழமில்லை. அந்தக் குழி கண்ணுக்குத் தெரியாமல் போகும்வரை மெருகேற்ற வேண்டுமானால் சுற்றிலும் உள்ள நல்ல உலோகம் முழுவதையும் குழியின் அடிமட்டம்வரை இறக்கியாக வேண்டும். விட்டத்தில் 0.2 மில்லிமீட்டர், அதாவது 200 மைக்ரான் போய்விடும். 50 மைக்ரானாக இருந்த இடைவெளி 250 ஆகிவிடும்.

குழியைப் போக்குவது குழாய்க்கு நன்மையா? வழுக்கிச் செல்லும் கை, குழிகளைத் தொடுவதே இல்லை. குழிகளுக்கு இடையே மிஞ்சியிருக்கும் பழைய மட்டத்தின்மேல்தான் அது ஓடுகிறது. அந்த மட்டம் தொழிற்சாலையில் சாணை பிடித்த அன்று இருந்த அளவிலேயே இருக்கிறது. குழி எண்ணெயைக்கூடப் பிடித்து வைக்கும். மேலே எழும்பி நிற்கும் துருவை மட்டும் எடுத்துவிட்டால் வேலை முடிந்தது. குழிகள் கண்ணை உறுத்துகின்றன என்பதற்காக நல்ல உலோகத்தைப் பலிகொடுப்பது, பலகையில் ஒரு கீறல் இருக்கிறது என்று பலகை முழுவதையும் இழைத்துத் தள்ளுவதற்குச் சமம். எந்த ஆசாரியும் அதை ஒப்பமாட்டார்.

இங்கே எதிர்த்தரப்பிலிருந்து நியாயமான ஒரு மறுப்பு வரும். மரம் உலோகமன்று; அதற்கு மைக்ரான் கணக்கு எதற்கு? ஈரப்பதம் ஒரு விழுக்காடு மாறினாலே 100 மில்லிமீட்டர் அகலத் தேக்குப் பலகை, வளையங்களின் போக்கில் அறுத்ததாயிருந்தால், ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் விரியும் அல்லது சுருங்கும். அப்படிப்பட்ட பொருளை அறுக்கும் இயந்திரத்தின் தூணில் 0.2 மில்லிமீட்டர் போனால் என்ன? இதை எளிதில் தள்ளிவிட முடியாது. அளவைப் பொறுத்தவரை மறுப்பு சரிதான். கோணத்தைப் பொறுத்தவரை அது நிற்காது. தூணைத் தாங்கும் பிடியின் நீளம் 100 மில்லிமீட்டர் என்றால், 0.25 மில்லிமீட்டர் ஆட்டம் 0.14 பாகைச் சாய்வைத் தரும். படச்சட்டம் ஒன்றுக்கு நான்கு மூலைகள், எட்டு வெட்டுகள். எல்லா வெட்டும் ஒரே பக்கம் சாய்ந்தால் கடைசி மூலையில் ஒரு பாகைக்கு மேல் இடைவெளி திறந்து நிற்கும். மரம் விரிந்து சுருங்குவதை மரவேலை தெரிந்தவர் இணைப்பிலேயே இடம் விட்டுச் சமாளிப்பார். இயந்திரம் வெட்டுக்கு வெட்டு வேறுவேறாக நடந்துகொண்டால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

இன்னொரு மறுப்பும் உண்டு. இது என் சொந்த அனுபவத்தையே திருத்தியது. பில்லர் டிரில்லிங் மிஷினின் மேசைக்கையும் ரேடியல் ஆர்ம் ரம்பத்தின் அடிப்பிடியும் பிளவுபட்ட வளையங்கள். போல்ட்டைத் திருகினால் வளையம் இறுகி இடைவெளியை விழுங்கிவிடும். ஆகவே குழாய் முழுவதும் ஒரே அளவில் மெலிந்திருந்தால் பெரும்பாலும் பாதகமில்லை. பாதகம் எங்கே என்றால், ஓரிடத்தில் அதிகமாகவும் ஓரிடத்தில் குறைவாகவும் தேய்வதில்தான். நடுவில் பொருந்தும்படி திருகினால் முனையில் சிக்கும். முனைக்குத் தளர்த்தினால் நடுவில் ஆடும். என் தூணுக்கு நேர்ந்தது இதுவே. கையால் பிடித்துச் சக்கரத்தில் காட்டும்போது, பிடிக்க வசதியான முனைகளைவிட நடுப்பகுதி அதிக நேரம் தேய்படுகிறது. எத்தனை தேர்ந்த கையானாலும் ஒரு மீட்டர் நீளத்துக்குச் சீராக அழுத்துவது மனிதனால் ஆகாது. மெருகைத் தீர்மானிக்க வேண்டிய முதல் அளவு இங்கேதான் கிடைக்கிறது: உலோகம் குறைவதைப் பொறுக்கலாம், ஏற்றத்தாழ்வைப் பொறுக்க முடியாது.

என் பக்கம் பேசுகிறவர்கள் சொல்லும் ஒரு வாதத்தை நானே நிராகரிக்கவும் வேண்டும். மெழுகிட்டு வழவழப்பாக்கினால் பூட்டு நிற்காது, தலை வழுக்கிவிடும் என்று பயமுறுத்துவார்கள். ஷாப்ஸ்மித் இயந்திரத்தின் தலை குழாயில் உராய்வால் மட்டுமே பூட்டிக்கொள்கிறது. இருந்தும் அந்தக் குழாய்களுக்கு மெழுகு தடவித் துடைக்கச் சொல்வது அதைச் செய்த நிறுவனமே. பூட்டு சரியாக இருந்தால் மெழுகு அதைக் கெடுப்பதில்லை. பொய்யான காரணத்தைச் சேர்த்துக்கொண்டால் மெய்யான காரணமும் வலுவிழந்துவிடும்.

இரண்டாவது அளவுகோல் ஆயுள். கண்ணாடி மெருகு துருவைத் தடுக்குமா? தடுக்காது, சற்றுத் தள்ளிப்போடும். காற்றின் ஒப்பு ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டினால் வெறும் இரும்பு துருப்பிடிக்கத் தொடங்கும். கடலின் உப்புக்காற்று படும் சென்னையில் இந்தப் போராட்டம் கடுமையானது. கடல்மட்டத்துக்கு 900 மீட்டர் மேலே, கடலிலிருந்து வெகுதூரத்தில் இருக்கும் பெங்களூரில் உப்பு இல்லை. மழைமாத ஈரமும் உள்ளங்கை வியர்வையும் மரத்தூளும்தான் எதிரிகள். மரத்தூளைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. அது ஈரத்தை உறிஞ்சிக் குழாயோடு ஒட்டி வைக்கும். சில மரங்களின் துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்து கருத்த கறையாகும். கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் கறுப்புச் சாயம் கிடைக்கும் என்பது கலம்காரிக் கலைஞர்கள் நெடுங்காலமாக அறிந்த வேதியியல். கண்ணாடி மெருகிட்ட குழாயின்மேல் ஈரத்தூளை ஒரு மழைவாரம் விட்டால் அதுவும் கறைபடும். மங்கலான குழாயில் மெழுகிட்டுத் தினமும் தூள் தட்டினால் ஆண்டுகள் தாங்கும். காப்பது மேலே இருக்கும் மெழுகுப் படலமும் தூள் தட்டும் பழக்கமும். அடியிலுள்ள பளபளப்பின் பங்கு மிகச் சிறிது.

முலாம் பூசிய உறுப்புகளில் மெருகு நேரடியாகவே ஆயுளைக் குறைக்கிறது. அலங்காரக் குரோம் படலத்தின் பருமன் பொதுவாக ஒரு மைக்ரானைக்கூட எட்டாது. அதன் அடியிலிருக்கும் நிக்கல்தான் இரும்பைக் காக்கிறது. பஃபிங் சக்கரத்தின் முன்னால் அந்தக் குரோம் சில கணங்கள் நின்றால் அதிசயம். பளபளப்புக்காகத் தேய்த்து, பளபளப்பைத் தந்த படலத்தையே இழப்பது எந்தக் கணக்கிலும் சேராது.

மூன்றாவது அளவுகோல் தடயம். இதில் நமக்கு வழிகாட்ட வெளிநாடு போக வேண்டியதில்லை. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930-இல் வேதியியல் பாதுகாப்புக் கூடம் தொடங்கப்பட்டது. அங்கே பணியாற்றிய எஸ். பரமசிவன், களிம்பேறிய செப்புத் திருமேனிகளை மின்னாற்பகுப்பு முறையில் மீட்டவர். தேய்த்தால் களிம்போடு வேலைப்பாடும் போய்விடும். மின்சாரம் அரிமானத்தை மட்டும் தளர்த்திவிடுகிறது. அடியில் சிற்பி விட்டுச்சென்ற கோடு மிஞ்சுகிறது. தலைமுறை தலைமுறையாகத் துலக்கித் துலக்கி முகம் மழுங்கிப்போன திருமேனிகளைப் பார்த்தவர்களுக்கு அந்த முறையின் அருமை தெரியும். பக்தியால் நேர்ந்த தேய்வு என்று அங்கே ஒரு சமாதானம் உண்டு. இயந்திரக் குழாய்க்கு அந்தச் சமாதானமும் இல்லை.

டெல்லி இரும்புத் தூண் இன்னொரு சாட்சி. ஏறத்தாழ 1,600 ஆண்டுகளாக வெயிலிலும் மழையிலும் நிற்கும் அந்தத் தூணைக் காப்பது அதன்மேல் படிந்த மெல்லிய அரிமானப் படலமே என்று கான்பூர் ஐ.ஐ.டி.யின் ஆர். பாலசுப்பிரமணியம் விளக்கினார். இரும்பிலுள்ள பாஸ்பரஸ்தான் அந்தப் படலத்துக்கு வழிசெய்தது. முதுகைத் தூணில் சாய்த்துக் கைகளைப் பின்னால் கோர்த்துப் பார்க்கும் வழக்கத்தால் மக்களின் உடல் பட்ட பகுதி மட்டும் பளபளவென்று தேய்ந்தது. அதைத் தடுக்க 1997-இல் சுற்றிலும் வேலி போட்டார்கள். பெருமைக்குரிய ஓர் இரும்பைக் காக்க இந்த நாடு எடுத்த நடவடிக்கை, அதை யாரும் மெருகேற்றாமல் பார்த்துக்கொள்வதுதான். நம் டிரில்லிங் மிஷினின் செந்துரு அந்தப் படலத்தைப் போன்றதன்று என்பது உண்மை. அது பொருக்குப் பொருக்காக உதிர்ந்து மேலும் மேலும் தின்னும். அதை எடுத்தே ஆக வேண்டும். ஆனால் செந்துருவுக்கு அடியில் கருமையாக இறுகிக் கிடக்கும் பூச்சு வேறு வகை. எல்லாப் பழுப்பும் நோயன்று.

குழாயின்மேல் எஞ்சியிருக்கும் மெல்லிய சாணைக் கோடுகள் அதைச் செய்த இயந்திரத்தின் கையெழுத்து. யூனிசா தண்டவாளத்தின் அடியில் வெட்டிய பல்வரிசை, பின்தலை உருளையில் பொறித்த அளவுக் கோடுகள், தண்டில் சாவிக்கட்டைக்கு வெட்டிய பள்ளத்தின் விளிம்புக் கூர்மை எல்லாம் பஃபிங் சக்கரத்தில் முதலில் மழுங்குபவை. தொழில் மரபுக்கென்று 2003-இல் ரஷ்யாவின் நிஷ்னி தாகிலில் ஏற்கப்பட்ட சாசனம், இயந்திரங்களை அவற்றின் செயல் ஒருமையோடு காக்க வேண்டும் என்றும், செய்யும் மாற்றங்கள் மீட்கக்கூடியவையாக இருக்க வேண்டும் என்றும் வலியுறுத்துகிறது. மெழுகை மண்ணெண்ணெயால் கழுவி எடுத்துவிடலாம். பஃப் தின்ற உலோகத்தை எவராலும் திருப்பி வைக்க முடியாது.

நான்காவது அளவுகோலைப் பேசாமல் இந்தத் திறனாய்வு முழுமையாகாது. சுழலும் சக்கரத்தின்மேல் குனிந்து நாள் முழுவதும் நிற்பவர் சுவாசிப்பது உலோகத் தூளையும் பருத்தி இழையையும் மெருகுச் சோப்பின் துகளையும். நீளமான குழாயின் முனை சக்கரத்தில் சிக்கினால் மணிக்கட்டு திரும்பும். மறுபடி குரோம் பூசலாம் என்பவர்கள், பீன்யாவின் நிலத்தடி நீரில் குரோமியம் கலந்திருப்பது பல ஆய்வுகளில் பதிவாகியிருப்பதை மறக்கக் கூடாது. முலாம் தொட்டியில் பயன்படும் ஆறிணைதிறன் குரோமியம் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதி செய்யப்பட்ட முதல் வகுப்புப் பொருள்களில் ஒன்று. பொழுதுபோக்காக நாம் மீட்கும் ஓர் இயந்திரத்தின் அழகுக்காக அந்தத் தெருவின் கிணறும் அந்தத் தொழிலாளியின் நுரையீரலும் செலவாக வேண்டுமா? தேவையுள்ள இடத்தில், கழிவைச் சுத்திகரிக்கும் பட்டறையில், கடினக் குரோம் பூசுவதை நான் எதிர்க்கவில்லை. அழகுக்காக மட்டும் என்றால் என் மனம் ஒப்பாது.

இனி முறைகளை ஒன்றோடொன்று ஒப்பிடலாம். பஃபிங் சக்கரம் வேகமானது, சீரற்றது, வழிக்குழாய்க்கு ஆகாது. லேத்தில் குழாயைச் சுழலவிட்டு எமரிப் பட்டையைப் பிடிப்பது அதைவிடப் பன்மடங்கு மேல். சாணைக் கோடுகளும் சுற்றுவாக்கில்தான் இருக்கும் என்பதால் தோற்றமும் இயல்பாக அமையும். ஒரே வேகத்தில் பட்டையை நகர்த்தினால் தேய்வும் ஏறக்குறைய சமமாகும். ஆனால் பட்டையை விரலில் சுற்றிக்கொள்ளவே கூடாது. இரு முனைகளையும் தளர்வாகப் பிடிக்க வேண்டும். குழாயின் வாய்க்கு மரக்கட்டையில் ஆப்பு கடைந்து செருகினால் சக் இறுக்கி வட்டம் நசுங்காது. எமரித் துகள் லேத்தின் படுகையில் விழாமல் காகிதம் விரிக்க வேண்டும். ஒரு குழாயை மீட்கப்போய் லேத்தைத் தேய்த்துவிடக் கூடாது.

கையால் தேய்ப்பது மெதுவானது. அந்த மெதுவே அதன் பாதுகாப்பு. மண்ணெண்ணெயில் நனைத்த மெல்லிய ஸ்டீல் வுல், தேவைப்பட்டால் 400-ஆம் எண் வாட்டர் பேப்பர். அந்தத் தாளின் தேய்ப்புத் துகள் சராசரியாக 35 மைக்ரான் இருக்கும். அதைவிட முரடான உப்புத்தாளை வழிக்குழாயில் வைப்பதே அத்துமீறல். தாளைச் சப்பையான மரக்கட்டையில் சுற்றித் தேய்த்தால் அது மேடுகளை மட்டும் தொடும். வெறும் விரலால் அழுத்தினால் குழிக்குள்ளும் இறங்கி விளிம்பை மழுக்கும்.

இவை எல்லாவற்றையும்விட நான் உயர்வாக வைப்பது சலவைச் சோடா கரைசலில் மின்னாற்பகுப்பு. எழும்பூரில் திருமேனிகளுக்குச் செய்ததன் எளிய உறவு இது. நல்ல உலோகத்தைத் தொடாமல் துருவை மட்டும் தளர்த்துகிறது. எதிர்முனைக்குச் சாதாரண இரும்புத் தகடுதான் வைக்க வேண்டும். துருப்பிடிக்காத எஃகை வைத்தால் அந்த நச்சுக் குரோமியம் நம் வாளியிலேயே உருவாகும். வெளிவருவது ஹைட்ரஜன் என்பதால் திறந்தவெளியில் செய்ய வேண்டும். முலாம் பூசிய உறுப்புகளையும் கடினப்படுத்திய எஃகையும் இதில் இறக்கக் கூடாது.

கடைசியில் மெழுகு. கார் பாலிஷ்களில் சிலிகோன் கலந்திருக்கலாம். அது பலகையில் ஒட்டினால் பிறகு அடிக்கும் வார்னிஷ் பரவாமல் குழிகுழியாக விலகும். மரத்தளத்துக்கோ மேசைநாற்காலிக்கோ உள்ள, சிலிகோன் இல்லாத மெழுகே இங்கு ஏற்றது.

பளபளப்பு எங்குமே இலக்காகக் கூடாதா என்று கேட்கலாம். பெங்களூரிலிருந்து 60 கிலோமீட்டரில் சன்னபட்டணா இருக்கிறது. அங்கே பொம்மை செய்ய வெப்பாலை மரத்தைக் கடைசலில் சுழலவிட்டு அரக்குக் குச்சியை அழுத்துவார்கள். உராய்வின் சூட்டில் அரக்கு உருகிப் பூசிக்கொள்ளும். பிறகு தாழை மடலால் தேய்த்தால் கண் கூசும் மெருகு வரும். அந்தப் பொம்மைக்கு அந்த ஒளியே உயிர். குழந்தையின் கைக்குப் போகும் பொருள், காணவும் தொடவும் இனிமையாக இருக்கப் பிறந்தது. இயந்திரக் குழாய் பிறந்த காரணம் வேறு. அது மற்றொன்றை நேராகக் கொண்டுபோகப் பிறந்தது. ஒவ்வொன்றையும் அதன் பிறப்பின் நோக்கத்தால் அளக்க வேண்டும்.

ஆகவே என் தீர்ப்பு இது. வழிக்குழாய்களைத் துப்புரவாக்க வேண்டும், மெருகேற்றக் கூடாது. மேலெழுந்த துரு போனதும், கை தடங்கலின்றி முனையிலிருந்து முனைவரை ஒரே இறுக்கத்தில் ஓடியதும், நிறுத்திவிட வேண்டும். வேலை தொடங்கும் முன்பும் முடிந்த பின்பும் மேல், நடு, கீழ் என்று மூன்று இடங்களில் மைக்ரோமீட்டர் வைத்து எழுதி வைப்பது இந்தத் தொழிலின் நேர்மை. குழிகள் இருக்கட்டும். முலாம் பூசியவற்றைச் சோப்பு நீரும் மென்துணியும் கொண்டு கழுவி, மெழுகிட்டு விட்டுவிட வேண்டும்; உரிந்த இடம் உரிந்தே இருக்கலாம். எதுவும் ஓடாத கால்களையும் பிடிகளையும் உரிமையாளர் விருப்பம்போல மின்ன வைக்கட்டும். பண்டிகைக்கான ஆசையெல்லாம் அங்கே நிறைவேறலாம். பஃபிங் சக்கரத்துக்கு இந்த மூன்றாம் வகையில் மட்டுமே இடம், அதுவும் மூக்குக்குக் கவசமும் தூளை உறிஞ்சும் குழாயும் உள்ள பட்டறையில்.

இந்தத் தீர்ப்பு எனக்குக் கொஞ்சம் தாமதமாக வந்தது. என் தூணின் நடுப்பகுதி திரும்பி வராது. மேசை தூணின் நடுவுக்கு வரும்போதெல்லாம் கைவளையத்தின் போல்ட்டைக் கால் சுற்று இறுக்கி, முனைக்குப் போகும்போது தளர்த்தி, அதோடு வாழப் பழகிக்கொண்டேன். அந்தக் கால் சுற்று ஒவ்வொரு முறையும் எனக்குப் பாடம் சொல்கிறது. கண்ணாடி மெருகோ இரண்டு மழைக்காலத்துக்குள் மங்கிவிட்டது. இப்போது அது மெழுகின் அடியில் சாம்பல் நிறத்தில் அமைதியாக இருக்கிறது, கை வைத்தால் வழுக்குகிறது, துருவில்லை. சென்ற ஆயுத பூஜைக்கும் அதைத் துடைத்தேன். சந்தனமும் குங்குமமும் ஈரமானவை, வெறும் இரும்பில் கறை விடும் என்பதால், வர்ணம் பூசிய வார்ப்பிரும்பு உடம்பில் பொட்டு வைத்தேன். தூணுக்கு எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு. அதற்கு வேண்டிய பூசை அவ்வளவுதான்.